பேரீச்சம் பாகு ஊற்றியது நான்

நான் உண்டாக்கியவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் இவன் யார் என்று கேட்கக் கூடாது.

ஐந்தாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போயிற்று. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு துபாய்க்குப் போனேன். குழாய் தூக்கும் ஹெல்பராகத் தொடங்கி, பிளம்பராகி, போர்மேனாகி, கடைசியில் சொந்தமாக வேன் வைத்து, ஆள் வைத்து வேலை எடுத்துச் செய்தேன். சார்ஜாவில் முவைலா வெறும் மணலாகக் கிடந்த காலத்திலிருந்து அங்கே எழும்பிய கட்டடங்களில் பாதிக்குத் தண்ணீர் ஏற்றியது என் கை. பாதி என்பது அடக்கத்துக்காகச் சொல்வது. ஊரில் மாடி வீடு கட்டினேன். தங்கைகளைக் கட்டிக் கொடுத்தேன். பிள்ளைகள் மூவரையும் பட்டதாரி ஆக்கினேன். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தேன். அதில் என் பெயர் வெட்டியிருக்கிறது, சந்தேகம் உள்ளவர்கள் ஏணி வைத்து ஏறிப் பார்க்கலாம். என் கையெழுத்தைப் பார்த்து வாய்க்குள் சிரித்த பேங்க் மேனேஜர், பிற்பாடு அதே கையெழுத்துக்காக எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

இத்தனைக்கும் அத்தாட்சி இருக்கிறது. நான் உண்டாக்கிய ஒன்றே ஒன்றுக்குத்தான் இல்லை. அது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் லேகியம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அதை லேகியம் என்றுகூடச் சொல்வதில்லை, வெறும் 'மருந்து' என்போம். "மருந்து கிண்டியாச்சா?" என்று கேட்டால் எந்த மருந்து என்று எவரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அந்த மருந்தின் பக்குவம் இப்போது வேறொருவர் பெயரில் ஊர் சுற்றுகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு நடந்தது. அப்போது நான் துபாயில் சத்வா என்ற பகுதியில் ஒரு பழைய வில்லாவில் இருந்தேன். வில்லா என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் ஒரு குடும்பம் இருந்த வீட்டைப் பலகை அடித்துப் பிரித்து, எங்களைப் போன்ற ஆண்களுக்கு விட்டிருந்தார்கள். என் ரூமில் என்னோடு இருந்தவன் ஒரு கிரேன் ஆபரேட்டர். எங்கள் கடற்கரைப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். கடலில் வலை இழுத்த கை, இங்கே வானத்தில் இரும்பு இழுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் ரூமில் ஒரு மருந்து அலமாரி உண்டு. லீவுக்குப் போய்த் திரும்புகிற ஒவ்வொருவனும் முறுக்கு கொண்டுவருகிறானோ இல்லையோ, மருந்து கொண்டுவருவான். மஞ்சள் தைலம், பச்சைத் தைலம், மூட்டுவலி எண்ணெய், இருமல் மிட்டாய், பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய், வயிற்றுக்கு ஓமத் தண்ணீர், எதற்கென்றே தெரியாத ஒரு சிவப்புப் பொடி. இதற்கெல்லாம் நான்தான் டாக்டர். சும்மா ஆகிவிடவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதும் என்னை நாகர்கோவிலில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் மடிக்கப் போட்டார்கள். மற்றவர்கள் அ, ஆவன்னா படித்த வயதில் நான் அதிமதுரமும் ஆடாதோடையும் படித்தேன். கண்ணைக் கட்டிவிட்டு மூக்கின் கீழே நீட்டினாலும் சரக்கின் பெயரைச் சொல்வேன்.

வில்லாவில் யாருக்குத் தலைவலி, சளி, சுளுக்கு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் கொடுத்த மருந்து கேட்காமல் போனதில்லை. ஒரே ஒரு முறை கிரேன்காரனுக்குக் கழுத்துவலி என்று பச்சைத் தைலத்தை நன்றாகத் தேய்த்து டியூட்டிக்கு அனுப்பினேன். அவன் கேபின் கதவைச் சாத்தி ஏ.சி.யைப் போட்டதும் உள்ளே தைலக் காற்று சுற்றிச் சுற்றி வந்து கண்ணில் அடித்திருக்கிறது. பையன் கண்ணீர் வடித்தபடி சுமையை அந்தரத்தில் நிறுத்திவிட்டான். கீழே நின்ற சூப்பர்வைசர், ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து அவனுக்கு அரைநாள் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார். கழுத்துவலியும் அன்றைக்கே போய்விட்டது. ஆக, அதுவும் என் கணக்கில் வெற்றிதான்.

எங்கள் கம்பெனியில் ஒரு இளம் இஞ்சினியர் இருந்தார். திருநெல்வேலி டவுன்காரர். நல்ல படிப்பு, நல்ல குணம், மாமியாரிடம் மட்டும் 'சரி அத்தை' தவிர வேறு வார்த்தை வராது. கல்யாணமான கையோடு மனைவியை அழைத்து வந்து சத்வாவிலேயே சின்ன ஃப்ளாட் ஒன்றில் குடித்தனம் வைத்திருந்தார். அந்தப் பெண் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைகளில் எனக்கும் சேர்த்துச் சோறு பொங்குவாள். அவள் உண்டானபோது எல்லோரும் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பத்தான் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "போனா ஒரு வருசம் ஆக்கிருவாங்க அண்ணாச்சி. பிள்ளைக்குத் தகப்பன் மொகமே தெரியாமப் போயிரும்" என்றாள். அவள் அம்மா, அதாவது இஞ்சினியரின் மாமியார், வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆனால் அந்த அம்மாவின் பாஸ்போர்ட் ஏதோ ஆபீசில் மாட்டிக்கொண்டது. அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. வதங்கின கத்தரிக்காய் மாதிரி அழகாக இருந்தது.

மாமியார் தான் வர முடியாவிட்டாலும் மருந்தாவது வரட்டும் என்று சரக்கெல்லாம் வறுத்துப் பொட்டலம் கட்டி, லீவு முடிந்து திரும்புகிற எங்கள் கம்பெனி ஆள் ஒருவன் கையில் கொடுத்தனுப்பினார். இஞ்சினியர் இதை ஒரு சந்தோஷச் செய்தியாக என்னிடம் சைட்டில் வைத்துச் சொன்னார்.

"அத்தை எல்லாஞ் சேத்து அனுப்பிட்டாங்க அண்ணாச்சி. சுக்கு, திப்பிலி, ஓமம், கசகசா..."

என் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

"கசகசாவா? சார், உமக்கென்ன பைத்தியமா? இந்த நாட்டுல கசகசாவும் கஞ்சாவும் ஒண்ணு! ஏர்போர்ட்ல பிடிச்சா அவன் கம்பிதான் எண்ணணும்!"

அமீரகத்தில் கசகசா கொண்டுவரக் கூடாது. குருமாவுக்குப் போடுகிற சாமான்தானே என்று பெட்டியில் வைத்து வந்து ஜெயிலுக்குப் போனவர்களின் கதைகள் எல்லா கேம்ப்பிலும் உண்டு. படித்தவர், படிக்காதவர் யாராக இருந்தாலும் புதிதாக வந்தவருக்கு இது தெரியாது. அந்த ஆள் திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தபோது போனில் பிடித்தேன். வழியனுப்ப வந்த அவன் மச்சான் கையில் பொட்டலத்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அவனைக் காப்பாற்றியதும் நான்தான். அதை இங்கே பெரிதுபடுத்த விரும்பவில்லை.

திரும்பிப் போன பொட்டலத்தைப் பார்த்து மாமியார் கொதித்துவிட்டார். அன்று மாலை இஞ்சினியரின் போனில் அவர் பேசியது, போனைக் காதில் வைக்காமலே எனக்குக் கேட்டது.

"கசகசா என்ன வெடிமருந்தா மாப்பிள்ளை? மருந்து திங்காம பச்சை ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? மருந்து இல்லாத ஊர்ல எம் பிள்ளை இருக்க வேண்டாம். குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுத்த கையோட ரெண்டு பேரையும் ஏத்தி விட்டுருங்க. ஒரு வருசம் நான் வச்சுப் பாத்துக்கிடுதேன்."

இஞ்சினியர், "சரி அத்தை" என்றார். உள்ளறையில் படுத்திருந்த அந்தப் பெண் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மூன்று பிள்ளைகளும் பிறந்தபோது நான் இங்கே குழாயோடு கிடந்தேன். அவர்களை முதல்முதலில் நான் பார்த்தபோது மூவருமே என்னை நோக்கி நடந்து வந்தார்கள். இளையவன் நடந்து வந்து, என்னைப் பார்த்துவிட்டு, நடந்தே திரும்பிப் போய்விட்டான். கைக்குழந்தை எவ்வளவு கனம் இருக்கும் என்பது இந்தக் கத்தரிக்காயைத் தூக்கித்தான் எனக்குத் தெரியும். அந்த இஞ்சினியருக்கு என் கதி வேண்டாம் என்று பட்டது.

போனைப் பிடுங்கினேன். "அம்மா, நான் இவர் கம்பெனி போர்மேன் பேசுதேன். மருந்துதானே? கசகசா இல்லாம, வர்ற வெள்ளிக்கிழமை இங்கேயே கிண்டிக் குடுத்திருவோம். மருந்து சரியா இருந்தா உங்க பிள்ளை இங்கேயே இருக்கட்டும். என்ன சொல்லுதீங்க?"

"ஆம்பிளைங்களா கிண்டப் போறீங்க?" என்றார்.

"ஆமா."

"சரி. கிண்டிட்டுக் கூப்பிடுங்க. சரியா இருக்கா இல்லையான்னு நான் சொல்லுதேன்." பந்தயம் கட்டுகிறவர் குரல் மாதிரியே இருந்தது.

பொட்டலம் மடித்தவனுக்குச் சரக்கு தெரியும். கிண்டுவது பெண்கள் வேலை. அது அடுப்படிக்குள்ளேயே இருந்துவிட்டது. அதனால் ஊருக்கு, என் மனைவிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு.

"மூணு பேறுகாலத்துக்கும் எனக்கு ஒரு மடக்கு வெந்நி வச்சுத் தந்ததுண்டா? இப்ப ஊரான் பொண்டாட்டிக்கு மருந்து கிண்டுதாகளாம் மருந்து!"

"ஏட்டி, போன் கார்டு தீந்துரும். பக்குவத்தைச் சொல்லு."

திட்டிக்கொண்டே சொன்னாள். எது எவ்வளவு, எதை வறுக்க வேண்டும், எதை வறுக்கக் கூடாது, துணியில் எப்படிச் சலிக்க வேண்டும், பூண்டைப் பாலில் வேகவைத்து மசித்து நல்லெண்ணெயில் எப்படிச் சுருட்ட வேண்டும், கருப்பட்டிப் பாகு எந்தப் பதத்தில் இறங்க வேண்டும், எல்லாம். கடைசியில், "இந்தா பாருங்க, எல்லாத்தையும் விட முக்கியமான காரியம் ஒண்ணு இருக்கு. கிண்டும்போது..." என்றாள். கார்டு தீர்ந்துவிட்டது. அந்த ஒன்று என்ன என்று தெரியாமலே நான் வேலையில் இறங்க வேண்டியதாயிற்று. படம் இல்லாமல் பைப் போட்டவன் நான். இதற்கா பயப்படுவேன்?

வியாழக்கிழமை டியூட்டி முடிந்ததும் தேராவில் இருக்கும் மசாலாக் கடைகளுக்குப் போனேன். ஒரு வயசாளி ஈரானியர் கடை. வாசலில் மூட்டை மூட்டையாகத் திறந்து வைத்திருந்தார். சுக்கு, மிளகு, ஓமம், சீரகம், பெருங்காயம் எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தன. திப்பிலியை மூக்காலேயே கண்டுபிடித்தேன். சித்தரத்தைதான் அகப்படவில்லை. எனக்கு அதன் இந்திப் பெயரும் தெரியாது, அரபிப் பெயரும் தெரியாது. இருமிக் காட்டினேன். அவர் இருமல் மிட்டாயை நீட்டினார். "மாஃபி, மாஃபி" என்று தலையாட்டிவிட்டு, வயிற்றைப் பெரிதாக்கிக் காட்டி, கையில் குழந்தையைத் தாலாட்டிக் காட்டினேன்.

கடைக்காரர் கண் விரிந்தது. "பேபி? தும் பாபா?" என்று, தகப்பன் நானா எனக் கேட்டார்.

"லா, லா! இஞ்சினியர் பாபா!"

"மதாம் கிதர்?"

"மதாம் கர் மே. மதாம் கா தவாயி!" அந்த அம்மா வீட்டில் இருக்கிறாள், அவளுக்குத்தான் மருந்து என்றேன்.

அவ்வளவுதான். மனிதர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "அச்சா, அச்சா!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், நான் கேட்காமலே சித்தரத்தையை அள்ளிக்கொண்டு வந்து கொட்டினார். எல்லா ஊரிலும் பிள்ளை பெற்றவளுக்கு ஒரே சரக்குத்தான் போலிருக்கிறது. கூடவே ஒரு டின்னை எடுத்து என் பைக்குள் திணித்தார். அரபி எழுத்தும் பேரீச்சை மரப் படமும் போட்ட டின்.

"திப்ஸ். கஜூர் கா ரஸ். ஹமாரா மதாம் பேபி லாத்தா, யே காத்தா. குவ்வத்!" என்று புஜத்தை மடக்கிக் காட்டினார். அவர்கள் பெண்கள் பிள்ளை பெற்றால் இந்தப் பேரீச்சம் பாகைத்தான் சாப்பிடுவார்களாம், பலம் வருமாம். எங்களுக்குக் கருப்பட்டி உண்டு, இது வேண்டாம் என்று சொல்ல எனக்கு இந்தி போதவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வில்லாவின் பொதுச் சமையலறையை நானும் கிரேன்காரனும் பிடித்துக்கொண்டோம். இஞ்சினியரும் லுங்கியோடு வந்து சேர்ந்தார். சரக்கை வறுத்தோம். மிக்ஸியில் போட்டுப் பொடித்தோம். சலிக்க மெல்லிய துணி வேண்டுமே என்றபோது, இஞ்சினியர் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுக்கரை வேட்டியை எடுத்து வந்தார். அந்த வேட்டிக்கு அதன் பிறகு கல்யாணத்துக்குப் போகும் யோக்கியதை இல்லாமல் போயிற்று. மிளகும் திப்பிலியும் காற்றில் பறந்து மூவரும் தும்ம ஆரம்பித்தோம். பக்கத்து ரூமில் தும்மல் தொற்றிக்கொண்டது. கடைசி ரூமில் தும்மினார்கள். வில்லா முழுவதும் ஒருவர் விட்டு ஒருவர் தும்மியது.

பிறகு பூண்டும் பெருங்காயமும் நல்லெண்ணெயில் விழுந்தன. அந்த வாசனையை எழுதிக் காட்ட எனக்குப் படிப்பு போதாது. ஊரில் அது தெருக்கோடிவரை போகும். இங்கே ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்ட வீட்டுக்குள் அது போவதற்கு இடம் இல்லாமல் நின்றது. பக்கத்து ரூம் பெஷாவர்க்காரர், டாக்சி ஓட்டுபவர், ஆஜானுபாகுவான ஆள், மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"பாய், க்யா ஜல் ரஹா ஹை?" என்ன எரிகிறது என்கிறார்.

"ஜல்னா மாஃபி. தவாயி" என்றேன், எரியவில்லை, மருந்து என்று.

"கிஸ் கா தவாயி?"

"டெலிவரி கா."

அவர் எங்களைப் பார்த்தார். தலையில் துண்டு கட்டிய நான், முகத்தில் கர்ச்சீப் கட்டிய இஞ்சினியர், சட்டையில்லாமல் வியர்வை ஒழுகக் கரண்டி பிடித்திருந்த கிரேன்காரன்.

"கிஸ் கா டெலிவரி?" யாருக்குப் பிரசவம் என்றார்.

இஞ்சினியர் கையைத் தூக்கினார். விஷயம் புரிந்ததும் பெஷாவர்க்காரர் சிரித்த சிரிப்பில் பாத்திரம் அதிர்ந்தது. போனவர் தன் அம்மா ஊரிலிருந்து கொடுத்துவிட்ட நெய் டப்பாவோடு திரும்பி வந்தார். "ஹமாரா அம்மி பி பனாத்தி ஹை. பேபி கே லியே" என்றார். அவர் அம்மாவும் இப்படி ஒன்று கிண்டுவாராம். டப்பாவை அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்த வாசனைக்கு அது நெய்யா, மல்லிகைப்பூவா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

பூண்டு பொன்னிறமாகச் சுருண்டு வந்தது. "இப்பக் கருப்பட்டி" என்றேன். என் கட்டிலுக்கு அடியில் உடன்குடிக் கருப்பட்டி டின் ஒன்று இருந்தது. நான் லீவுக்குப் போய்வந்தபோது கொண்டுவந்தது. திறந்தேன். உள்ளே பனை ஓலைதான் இருந்தது.

கிரேன்காரன் கரண்டியை விடாமல் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏல, கருப்பட்டி எங்க?"

"கட்டங்காப்பிக்கு எடுத்தேன் அண்ணாச்சி."

"டின்னு முழுசுமா?"

"கொஞ்சங் கொஞ்சமாத்தான் எடுத்தேன். அது இப்பிடித் தீந்துரும்னு நெனைக்கல."

"உனக்குக் கழுத்துல தடவின தைலத்தைக் கண்ணுலயே தடவியிருக்கணும்ல!"

இஞ்சினியர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். ஜும்மா நேரம். சத்வாவில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. தமிழ்க் கடை, மலையாளிக் கடை எல்லாவற்றிலும் ஷட்டர். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். "எல்லாம் கலாஸ், முடிஞ்சுது அண்ணாச்சி. நான் அத்தைக்குப் போன் பண்ணிச் சொல்லிருதேன். பிள்ளை பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருதேன்" என்றார். கரண்டியை நிறுத்தினால் பூண்டு அடிப்பிடிக்கும். இறக்கி வைத்தால் எண்ணெய் பிரிந்து கெட்டுப்போகும். மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை வரும்வரை அந்த மாமியார் பொறுக்க மாட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எந்த சைட்டிலும் கடைசியில் இப்படித்தான் பார்ப்பார்கள்.

நான் ஈரானியர் டின்னைத் திறந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கருப்பு. இனிப்பு. அடியில் லேசாக ஒரு புகைக் காட்டம். பாகுக்குத் தேவையான பதத்திலேயே இருந்தது, காய்ச்சவே வேண்டாம்.

"அண்ணாச்சி, அது அரபிக்காரன் சாமான். நம்ம ஒடம்புக்கு ஆகுமா?" என்றான் கிரேன்காரன்.

"இவ்வளவு நாளா இந்த ஊர்த் தண்ணிதானே குடிக்க? யல்லா, கிண்டு!" என்று சொல்லி, டின்னைக் கவிழ்த்தேன்.

சட்டியில் ஒரு 'ஸ்ஸ்' சத்தம். அதன் பிறகு பெருங்காய வாசனை மெல்லத் தலை தாழ்த்திக்கொண்டது. பொடியைத் தூவினோம். கிரேன்காரன் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் கிண்டினான். வலை இழுத்த தோள் அல்லவா, சட்டியே நகர்ந்தது. நான் காலால் அடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பெஷாவர் நெய்யை ஊற்ற ஊற்ற மருந்து கறுத்து, பளபளத்து, சட்டியில் ஒட்டாமல் உருண்டு வந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்தபோது, முதல்முதலாகப் பைப் போட்ட கட்டடத்தில் குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்ததே, அந்த ஞாபகம் வந்தது.

அன்று மாலை இஞ்சினியர் ஃப்ளாட்டில் பரீட்சை. பிரசவம் பார்த்த லேடி டாக்டரிடம் அந்தப் பெண் முன்பே சரக்குகளின் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தாள். தாய் கொஞ்சமாகச் சாப்பிடலாம், குழந்தை வாயில் மட்டும் எதுவும் வைக்கக் கூடாது என்றாராம். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தோம்.

"நெறம் எப்பிடி?" என்றார் மாமியார்.

"காக்காய்க் கறுப்பு அம்மா" என்றேன்.

"விரல்ல ஒட்டுதா?"

"எண்ணெய்தான் ஒட்டுது."

"கருப்பட்டி போட்டீகளா?"

இஞ்சினியர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மரத்துலருந்து எடுத்த நல்ல கறுத்த பாகு அம்மா. கலப்படம் கெடையாது" என்றேன். இதில் ஒரு எழுத்தாவது பொய் என்று யாரும் காட்ட முடியாது.

"சரி, எம் மகளுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு குடுங்க. போனை அவ வாய்ப் பக்கம் வைங்க."

அந்தப் பெண் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். நாங்கள் மூவரும் அவள் வாயையே பார்த்தோம். முதலில் இனிப்பு தெரிந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்தது. பிறகு திப்பிலி போய்த் தொண்டையைத் தொட்டது. கண் சிவந்தது. காது சிவந்தது. இருமினாள். நிறுத்தாமல் இருமினாள். கிரேன்காரன் தண்ணீருக்கு ஓடினான்.

போனிலிருந்து குரல் வந்தது. "இருமுதாளா?"

"இருமுதா அத்தை" என்றார் இஞ்சினியர், தீர்ப்புக்குக் காத்திருக்கும் கைதி மாதிரி.

"கண்ணுல தண்ணி வருதா?"

"வருது அத்தை."

"அப்ப மருந்துதான் அது" என்றார் மாமியார். "இருமலைக் கேட்டாலே தெரியுது. நான் கிண்டினாலும் இப்பிடித்தான் இருமுவா." கொஞ்சம் நிறுத்தி, "இருந்துட்டுப் போறா. பிள்ளையைக் காத்துல காட்டாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்தப் பெண் இருமிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். எது மிளகுக் கண்ணீர், எது மற்றது என்று பிரிக்க முடியவில்லை. இஞ்சினியர் குழந்தையைத் தூக்கி என் கையில் வைத்தார்.

மறுநாள் புதுக் கார்டு வாங்கி என் மனைவியைக் கூப்பிட்டேன். மருந்து ஜெயித்த கதையை நீட்டி முழக்கிவிட்டு, "அது கிடக்கட்டும், ஏதோ முக்கியமான காரியம்னியே, கிண்டும்போது என்ன செய்யணும்?" என்றேன்.

"கிண்டும்போது நீங்க கிட்ட நிக்காதீங்க, யோசனை சொல்லியே கெடுத்துருவீங்கன்னு சொல்ல வந்தேன்" என்றாள்.

இதில்தான் எங்கள் இருவருக்கும் கருத்துவேறுபாடு. மேஸ்திரி கிட்டே நிற்காமல் எந்தக் கட்டடம் எழும்பியிருக்கிறது?

குழந்தைக்குத் தலை நிற்க ஆரம்பித்த சமயம் மாமியாருக்குப் பாஸ்போர்ட் கிடைத்து, விசிட் விசாவில் வந்து சேர்ந்தார். வந்த அன்றைக்கே மருந்துப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். ஒரு துளி நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். இஞ்சினியர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"இதுல என்ன போட்டிருக்கீக?" என்றார்.

மறைக்கவில்லை. டின்னைக் காட்டினேன். பேரீச்சை மரப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "ம்" என்றார். திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்பியபோது அவர் பெட்டியை மூடித் தூக்கி வைத்தது நான்தான். சேலைகளுக்கு நடுவே அதே மாதிரி டின்கள் சிலவற்றைத் துணி சுற்றி வைத்திருந்தது தெரிந்தது. நான் சேலையை இழுத்து மூடிவிட்டேன். பெரிய மனுஷன் பெரிய மனுஷனாகவே நடந்துகொண்டேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. சில வருஷம் கழித்து நான் லீவுக்குப் போயிருந்தபோது அந்த அம்மாவின் இளைய மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பார்க்கப் போனேன். வந்திருந்த பெண்களுக்கெல்லாம் அவர் மருந்தில் ஆளுக்கு ஒரு சின்ன உருண்டை கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் கொடுத்தார். வாயில் போட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அடியில் லேசான புகைக் காட்டம். பனையில் அது வராது.

"ரொம்ப நல்லா இருக்கே, யார் பக்குவம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எங்க அம்மா வழி" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். "அஞ்சு தலைமுறையா இப்பிடித்தான்."

லீவில் வந்திருந்த இஞ்சினியர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். அடுப்படி அலமாரியில் அரபி எழுத்துப் போட்ட அந்த டின் இருந்தது, இப்போது அதில் உளுந்து.

இன்று நிலைமை இன்னும் முற்றிவிட்டது. அந்த மருந்தைக் குப்பியில் அடைத்து, வேண்டியவர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். குப்பியின் மேல் லேபிள் உண்டு. 'ஐந்து தலைமுறைப் பரம்பரைப் பக்குவம்' என்று அச்சடித்திருக்கிறது. சத்வாவில் கத்தரிக்காயாக என் கையில் கிடந்த அந்தப் பெண் இப்போது காலேஜ் முடித்துவிட்டாள். எனக்கு ஒரு குப்பி கொண்டுவந்து கொடுத்து, "டேஸ்ட் பண்ணுங்க மாமா, ஃபேமிலி ரெசிப்பி" என்றாள். என் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

ஐந்து தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலியில் பேரீச்சம் பாகு டின் எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு அந்த அம்மா பதில் சொல்லட்டும், நான் இதை இங்கேயே கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

மற்றவர்கள் பங்கை நான் மறைக்கிறவன் அல்ல. மேலே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அளவு சொன்னது என் மனைவி. டின் கொடுத்தது ஈரானியர். நெய் பெஷாவர்க்காரர். கிண்டியது கிரேன்காரன், கருப்பட்டியைத் தின்று தீர்த்ததும் அவனே, அந்த வகையில் அவனுக்கு இரட்டைப் பங்கு. இருமியது அந்தப் பெண். ஆனால் எல்லோரும் கையைப் பிசைந்து நின்றபோது டின்னைக் கவிழ்த்தது யார்? அந்தக் கை எது? அன்று அது கவிழாவிட்டால் அந்தக் குழந்தை தகப்பனைப் பார்க்க நடந்துதான் வந்திருக்கும்.

ஆகையால் அந்தக் குடும்பத்தாருக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். என் பெயர்கூட வேண்டாம். அது கோயில் மணியில் இருக்கிறது, போதும். அடுத்த முறை லேபிள் அச்சடிக்கும்போது 'பரம்பரை' என்பதை எடுத்துவிட்டு, 'சத்வா பக்குவம், பேரீச்சம் பாகு ஊற்றியவர் ஒரு போர்மேன்' என்று போட வேண்டும். எழுத்து பொடியாக இருந்தாலும் சரி. கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்கிறேன்.